கிராண்ட் ஃபோர்க்ஸில் ஓர் இத்தாலியச் சாப்பாடு

2012 மார்ச் மாதத்தில் அமெரிக்க இணையத்தையே சில நாள் பிடித்து ஆட்டிய ஒரு ஹோட்டல் விமர்சனம் உண்டு. எழுதியவர் மாரிலின் ஹேகர்டி, வயது 85. வெளியிட்ட பத்திரிகை கிராண்ட் ஃபோர்க்ஸ் ஹெரால்ட். கனடா எல்லையை ஒட்டிய வட டகோட்டா மாநிலத்தில் இருக்கும் கிராண்ட் ஃபோர்க்ஸில் அப்போது ஏறக்குறைய 53,000 பேர் வாழ்ந்தார்கள். அந்த ஊருக்குப் புதிதாக வந்திருந்த ஆலிவ் கார்டன் என்ற இத்தாலிய உணவகத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, வழக்கம்போல தன் 'ஈட்பீட்' பத்தியில் அதைப் பற்றி எழுதினார். அவ்வளவுதான் நடந்தது.

ஆலிவ் கார்டன் என்றால் என்ன என்று தெரிந்தால்தான் இதில் சிரிக்க என்ன இருந்தது என்பது புரியும். அது ஒரு செயின் ஹோட்டல். அமெரிக்கா முழுக்க அப்போதே 700-க்கும் மேற்பட்ட கிளைகள். எந்த ஊரில் போய் உட்கார்ந்தாலும் அதே மெனு, அதே வளைவு வாசல், அதே பிரெட்ஸ்டிக். பெருநகரத்து உணவு ரசிகர்களுக்கு அந்தப் பெயரே ஒரு நகைச்சுவை. அந்த இடத்தைப் பற்றி ஒரு பாட்டியம்மா சிரத்தையாக, ஒரு கிண்டலும் இல்லாமல், கட்டிடம் எப்படி, சாலட் எப்படி, பரிமாறுகிறவர்கள் என்ன உடுத்தியிருந்தார்கள் என்றெல்லாம் எழுதினால்? முதல் நாள் சிரித்தார்கள். இரண்டாம் நாள், சிரித்தவர்களைத் திட்ட ஒரு கூட்டம் கிளம்பியது. பாட்டி எவ்வளவு வெகுளி, எவ்வளவு நல்லவங்க, அவங்களைப் போய்க் கிண்டல் பண்றீங்களே என்று.

இரண்டு கூட்டமும் ஒரே தப்பைத்தான் செய்தது என்பது என் கட்சி. சிரித்தவர்களும் சரி, தலையில் தடவிக் கொடுத்தவர்களும் சரி, அந்தக் கட்டுரையை ஒரு எழுத்தாக எடுத்துப் படிக்கவே இல்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் பத்திரிகையில் வேலை பார்த்த ஒருவர் வார்த்தையை எடைபோட்டு வைத்திருக்கிறார் என்ற எண்ணமே யாருக்கும் வரவில்லை. கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பார்ப்போம்.

ஹேகர்டி மதியச் சாப்பாட்டு நேரம் கடந்த பிறகு போகிறார். காரணத்தையும் சொல்கிறார்: பிப்ரவரியில் திறந்தபோது வரிசை நீளமாக இருந்ததாம், இடம் கிடைக்கவேண்டுமே. உள்ளே போனதும், டஸ்கனிப் பண்ணைவீடு பாணியில் கட்டியிருக்கிறார்கள், காத்திருப்பவர்கள் உட்கார இருக்கை இருக்கிறது என்று எழுதுகிறார். சமையலறைக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கிறது. வெள்ளைச் சட்டை, டை, கறுப்பு பேன்ட், ஏப்ரன் போட்ட பணியாளர்கள் ஆர்டரைத் தட்டிவிட்டு ரொட்டியும் பாஸ்தாவும் சுமந்து ஓடுவதைப் பார்க்கிறார். என்ன சாப்பிடலாம் என்று பரிமாறும் பெண்ணிடமே கேட்கிறார். அவள் சிக்கன் அல்ஃப்ரெடோ என்கிறாள், சரி என்கிறார். ராஸ்பெரி லெமனேட் குடிக்கிறீர்களா என்கிறாள். தண்ணீர் போதும் என்கிறார். வெயில் காலத்தில் ஒருநாள் அதைக் குடித்துப் பார்க்கலாம் என்று வாசகர்களிடம் ஒரு குறிப்பு மட்டும் வைக்கிறார்.

சாலட் வருகிறது. கீரை, மிளகாய், வெங்காய வளையம், கறுப்பு ஆலிவ். அதிலும் ஆலிவ் நிஜமாகவே சில இருந்தன என்பதை ஒரு சின்ன அழுத்தம் கொடுத்து எழுதுகிறார். பிறகு நீளமான, சூடான பிரெட்ஸ்டிக் இரண்டு. சிக்கன் அல்ஃப்ரெடோ 10.95 டாலர். குளிர்நாளில் சூடாக, இதமாக இருந்தது, அளவு தாராளம், பார்மசான் சீஸோடு பெண் தயாராக நின்றாள். மாலை 4 மணி வரை சூப், சாலட், பிரெட்ஸ்டிக் மதியச் சாப்பாடு 6.95 டாலருக்கு உண்டு.

இப்போது அந்தப் பாராட்டைத் திரும்பப் பாருங்கள். சூடு. இதம். தாராளம். மூன்றும் உண்மை, மூன்றுமே நாக்கைப் பற்றியது இல்லை. வெப்பநிலை, மனநிலை, கொள்ளளவு. ருசியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது! சாஸ் எப்படி, பாஸ்தா எந்தப் பதத்தில் வெந்திருந்தது, கோழி காய்ந்திருந்ததா, ஒன்றும் இல்லை. சம்பந்தி வீட்டு விருந்தைப் பற்றிக் கேட்டால், "பந்தல் ரொம்பப் பெருசு, சாப்பாடு சூடா இருந்துச்சு, ஓடி ஓடிக் கவனிச்சாங்க" என்று நம் பெரியம்மா சொன்னால் நமக்கு விஷயம் விளங்கிவிடும் இல்லையா? அதே மொழிதான் இது.

இன்னொரு இடம். சுவர் விளிம்புகளில் ஜாடிகளும் தொட்டிகளும் இருந்தன, அவற்றில் நிரந்தர மலர் அலங்காரம் இருந்தது என்கிறார். நிரந்தர மலர்! பிளாஸ்டிக் பூ என்று எழுதினால் குத்தல். பூக்கள் இருந்தன என்று மட்டும் எழுதினால் பொய். இரண்டும் வேண்டாம் என்று ஒரு சொல்லைத் தேடிப் பிடித்திருக்கிறார். வெகுளியான ஒருவர் கைக்கு இந்தச் சொல் வராது.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது அவர் கொடுக்கும் மொத்தத் தீர்ப்பு. கிராண்ட் ஃபோர்க்ஸில் இப்போது நடக்கும் உணவகங்களில் இதுவே பெரியது, அழகானது என்கிறார். இணையம் கைகொட்டிச் சிரித்தது முக்கியமாக இந்த வரிக்குத்தான். அந்த 'இப்போது' யார் கண்ணிலும் படவில்லை. இப்போது நடப்பவற்றில் என்று ஒருவர் சொல்கிறார் என்றால், நடந்து மூடியவை அவர் மனதில் வரிசையாக நிற்கின்றன என்று அர்த்தம். 1997 ஏப்ரலில் ரெட் நதி பெருகி அந்த ஊரின் பெரும்பகுதி தண்ணீரில் மூழ்கியது. ஏறக்குறைய எல்லோரும் வெளியேற வேண்டியிருந்தது. வெள்ளத்துக்கு நடுவிலேயே நகரின் மையத்தில் தீப்பிடித்து 11 கட்டிடங்கள் எரிந்தன, ஹெரால்ட் அலுவலகமும் அதில் போயிற்று. ஒரு நாள்கூட நிறுத்தாமல் வேறு இடத்திலிருந்து பத்திரிகை கொண்டுவந்ததற்காக அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. அந்த ஊரில், அந்தப் பத்திரிகையில் இருந்தவர் 'இப்போது' என்று எழுதினால் அதைச் சும்மா தாண்டிப் போக என்னால் முடியவில்லை.

அந்தப் பக்கம் நான் இருந்திருக்கிறேன் என்பதும் ஒரு காரணம். ஒரு புராஜெக்டுக்காக ஃபார்கோவில் ஒரு குளிர்காலத்தை முழுசாகக் கழித்தேன். அங்கிருந்து வடக்கே கிராண்ட் ஃபோர்க்ஸ் சுமார் 130 கிலோமீட்டர், நேர்கோட்டுச் சாலை. இரண்டு பக்கமும் சமதரை, பனி, எப்போதாவது ஒரு தானியக் கிடங்கு. ஒரு சனிக்கிழமை ஆபீஸ் நண்பர் ஒருத்தரோடு போனேன். மைனஸ் 23 டிகிரி. காரிலிருந்து ஹோட்டல் வாசலுக்கு நாற்பதடி நடப்பதற்குள் மூக்குக்குள் இருக்கும் ஈரம் உறைந்து குத்த ஆரம்பித்துவிடும். அந்த நிலையில் ஒருவர் கதவைத் திறந்து, உட்காருங்கள் என்று சொல்லி, சூடான ரொட்டியைக் கொண்டுவந்து வைத்தால் அதன் மதிப்பை நியூயார்க் அளவுகோலால் அளக்க முடியாது. குளிர்நாளில் இதமாக இருந்தது என்பது அந்த ஊரில் ஒரு சம்பிரதாய வாக்கியம் இல்லை. தகவல்.

அந்தச் சாலையில் போகும்போது கவனிக்கவேண்டிய இன்னொன்று கோதுமை. பாஸ்தாவுக்கு டூரம் என்ற கெட்டி ரகக் கோதுமை வேண்டும். அமெரிக்காவில் விளையும் டூரத்தில் பல ஆண்டுகள் பாதிக்கும் மேல் வட டகோட்டாவில் விளைந்ததுதான். இத்தாலிக்கும் ஏற்றுமதி ஆகிறது. கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊருக்குள்ளேயே மாநில அரசு நடத்தும் மாவு ஆலை இருக்கிறது, 1922-இல் தொடங்கியது. அமெரிக்காவில் அரசுக்குச் சொந்தமான மாவு ஆலை அது ஒன்றுதான். இடைத்தரகர்களும் ரயில் கம்பெனிகளும் விலையில் அடிக்கிறார்கள் என்று விவசாயிகள் ஒரு கட்சி கட்டி, ஆட்சியைப் பிடித்து, தங்களுக்கென்று கட்டிக்கொண்ட ஆலை. அது ஒரு தனிக்கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

நமக்கு நெருக்கமான ஒரு செய்தியும் உண்டு. 'கிரீம் ஆஃப் வீட்' என்ற அமெரிக்கக் கோதுமை ரவை பிறந்தது 1893-இல் இதே கிராண்ட் ஃபோர்க்ஸ் ஆலை ஒன்றில்தான். இந்தியக் கடை எட்டாத அந்தக் காலத்தில் அமெரிக்கா போன நம்மவர்கள் உப்புமா கிண்டியது அந்த டப்பாவை வைத்துத்தான். என் மாமா முறை உறவினர் ஒருவர் இன்றைக்கும் ரவை என்று சொல்லமாட்டார், கிரீம் ஆஃப் வீட் இருக்கா என்றுதான் கேட்பார்.

ஆக, பாஸ்தாவின் தானியம் விளையும் நிலத்துக்கு, ஃபுளோரிடாவிலிருந்து ஒரு கம்பெனி டஸ்கனி வீட்டைக் கொண்டுவந்து நட்டு, பாஸ்தா பரிமாறுகிறது. அந்தக் கம்பெனியின் பூர்வீகமும் சுவாரசியம். 1982-இல் ஆர்லாண்டோவில் முதல் ஆலிவ் கார்டனைத் திறந்தது எந்த இத்தாலியக் குடும்பமும் இல்லை. ஜெனரல் மில்ஸ் என்ற மாவுக் கம்பெனி. தலைமையகம் மினியாபொலிஸ், அதாவது கிராண்ட் ஃபோர்க்ஸுக்குப் பக்கத்து மாநிலம். 1995-இல்தான் உணவகங்களைப் பிரித்து டார்டன் என்று தனிக் கம்பெனி ஆக்கினார்கள்.

இதையெல்லாம் சொன்னால் உடனே, "அப்ப அது அசல் இத்தாலியன் இல்லைன்னு சொல்றீங்க, அதானே?" என்பார்கள். இல்லை. அசல் என்ற சொல்லை வைத்து இந்தச் சாப்பாட்டை அடிக்க முடியாது என்றுதான் சொல்கிறேன். அல்ஃப்ரெடோவையே எடுத்துக்கொள்ளுங்கள். ரோமில் அல்ஃப்ரெடோ டி லெலியோ என்பவர் வெண்ணெயும் பார்மசானும் மட்டும் போட்டு, பாஸ்தா வெந்த தண்ணீரோடு சேர்த்துப் பிசறிக் கொடுத்த பதார்த்தம். பிள்ளை பெற்ற மனைவி சாப்பிட முடியாமல் இருந்தபோது அவளுக்காகச் செய்தது என்பது அந்தக் குடும்பம் சொல்லும் கதை. பத்தியச் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1920-இல் தேனிலவுக்கு ரோம் போன ஹாலிவுட் நட்சத்திரங்கள் மேரி பிக்ஃபோர்டும் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸும் அதைச் சாப்பிட்டு மயங்கினார்கள். பிறகு தங்க முள்கரண்டியும் கரண்டியும் பரிசளித்தார்கள். அமெரிக்காவுக்கு வந்ததும் அதில் கிரீம் சேர்ந்தது, பூண்டு சேர்ந்தது, மேலே கோழி ஏறியது. இத்தாலியில் பெரும்பாலான ஹோட்டல்களில் இந்தப் பெயரைச் சொன்னால் விழிப்பார்கள்.

அந்தப் பக்கத்து அசலும் அவ்வளவு சுத்தமில்லை. முதல் உலகப்போருக்கு முன் நேப்பிள்ஸ் பக்கத்துப் பாஸ்தாக்காரர்கள் உயர்வாக மதித்த டூரம், ரஷ்யாவின் தாகன்ரோக் துறைமுகத்திலிருந்து கப்பலில் வந்தது. வட டகோட்டாவில் டூரம் பரவியதும் ரஷ்ய விதையால்தான். அமெரிக்க விவசாயத் துறையின் மார்க் கார்ல்டன் 1898 முதல் 1900 வரை ரஷ்யப் புல்வெளிகளில் சுற்றி, வறட்சி தாங்கும் குபாங்கா ரகத்தைக் கொண்டுவந்தார். ரஷ்ய விதை, டகோட்டா மண், ரோமானியப் பெயர், மினியாபொலிஸ் முதல், ஃபுளோரிடா மெனு. எந்தக் கண்ணியைப் பிடித்து இது போலி என்று சொல்வது? ஹேகர்டி இந்தக் கேள்விக்குள் போகவே இல்லை. போகாதது நல்லது. அவருடைய வாசகருக்கு வேண்டியது, போய் உட்கார்ந்தால் என்ன கிடைக்கும், எவ்வளவு ஆகும் என்பதுதான்.

அதே 2012-இல், நவம்பரில், இன்னொரு ஹோட்டல் விமர்சனமும் வைரல் ஆனது. நியூயார்க் டைம்ஸின் பீட் வெல்ஸ் எழுதியது. டிவியில் பிரபலமான கை ஃபியெரி, டைம்ஸ் ஸ்கொயரில் சுமார் 500 இருக்கைகளோடு திறந்த உணவகத்தைப் பற்றி. நட்சத்திரம் ஒன்றுகூடத் தரவில்லை. விசேஷம் என்னவென்றால் கட்டுரை முழுக்கக் கேள்விகள்தான். ஃபியெரியை முன்னால் நிறுத்திவைத்து, இதை நீங்களே சாப்பிட்டுப் பார்த்தீர்களா, அது ஏன் இப்படி, இது ஏன் அப்படி என்று அடுக்கிக்கொண்டே போகிறார். ஒரு நீல நிற மதுவைப் பற்றிய கேள்வி மட்டும் தனியாகப் பிரபலம். இன்று படித்தாலும் சிரிப்பு வரும். நல்ல எழுத்து, சந்தேகமே இல்லை.

ஆனால் ஒரு பரிசோதனை செய்து பார்த்தேன். இரண்டு விமர்சனங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் நான் போய் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதை ஒவ்வொன்றிலிருந்தும் எழுதிப் பார்த்தேன். ஹேகர்டியிடமிருந்து எந்த நேரம் போகவேண்டும், எங்கே காத்திருக்கலாம், எது முதலில் வரும், தட்டில் என்ன இருக்கும், பில் என்ன வரும் எல்லாம் கிடைத்தது. நல்லா இருக்குமா என்பது மட்டும் கிடைக்கவில்லை. வெல்ஸிடமிருந்து நல்லா இருக்காது என்பது ஆயிரம் சதவீதம் கிடைத்தது. மற்றவை கோபத்தின் ஓரத்தில் தெறித்துக் கிடந்தன. எங்கள் தொழிலில் இதை லாக் என்றும் அலர்ட் என்றும் சொல்வோம். லாக் என்பது என்ன நடந்தது என்பதை நேரத்தோடு எழுதிக்கொண்டே போவது, படிக்க அலுப்பாக இருக்கும். அலர்ட் என்பது நடு ராத்திரியில் எழுப்பி, எரியுது வா என்று கத்துவது. பத்து வருஷம் கழித்து அன்றைக்கு என்ன ஆச்சு என்று ஒருவன் தோண்டும்போது லாக்தான் உதவும். ஆனால் அன்றைக்கு ராத்திரி தீ எரிந்தபோது லாக்கை மட்டும் நம்பியிருந்தால்?

அதற்கான பதில் 2014 செப்டம்பரில் வந்தது, யாரும் எதிர்பார்க்காத திசையிலிருந்து. ஸ்டார்போர்ட் வேல்யூ என்ற ஹெட்ஜ் ஃபண்ட் டார்டன் கம்பெனியின் பங்குகளை வாங்கி, நிர்வாகம் சரியில்லை என்று சண்டைக்கு வந்தது. ஏறக்குறைய 300 பக்கத்துக்கு ஒரு ஸ்லைடு தொகுப்பை வெளியிட்டது. பெயர் என்னமோ முதலீட்டு அறிக்கை. படித்தால், ஆலிவ் கார்டன் பற்றி எழுதப்பட்ட மிகக் கடுமையான உணவு விமர்சனம் அதுதான். பிரெட்ஸ்டிக் கணக்கில்லாமல் கொண்டுவந்து வைக்கிறார்கள், ஆறிப்போய் வீணாகிறது, தரமும் இறங்கிவிட்டது என்றார்கள். எல்லாவற்றுக்கும் மேல் அந்த உப்பு விஷயம். பாஸ்தா வேகவைக்கும் தண்ணீரில் உப்புப் போடுவதையே நிறுத்திவிட்டார்களாம். ஏன்? உப்புப் போடாவிட்டால் பாத்திரத்துக்கு வாரண்டி கூடுதல் காலம் கிடைக்குமாம்!

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று நம்மூரில் ஒரு வரியில் முடித்துவிடுவோம். அங்கே அதைச் சொல்ல ஒரு ஹெட்ஜ் ஃபண்ட் தேவைப்பட்டது. அடுத்த மாதமே, அக்டோபரில், பங்குதாரர்கள் ஓட்டுப் போட்டு டார்டனின் 12 இயக்குநர்களையும் மொத்தமாக மாற்றிவிட்டார்கள். எந்த உணவு விமர்சகருக்கும் இப்படியொரு பலன் கிடைத்ததில்லை. வெல்ஸ் அவ்வளவு கிழித்த பிறகும் ஃபியெரியின் ஹோட்டல் 2017 கடைசி வரை நடந்தது.

இங்கேதான் ஹேகர்டி மேல் எனக்கு ஒரு குறை. அவருடைய மென்மைக்கு அவரே பேட்டிகளில் சொன்ன காரணம் நியாயமானது. நான் விமர்சகர் இல்லை, நிருபர், பார்த்ததை எழுதுகிறேன் என்பார். சின்ன ஊரில் ஒருவர் கடன் வாங்கிக் கடை போடுகிறார், அவர் பெண்டாட்டி கல்லாவில் நிற்கிறாள், பிள்ளை மேசை துடைக்கிறான். அந்த ஊரின் ஒரே பத்திரிகையில் சாப்பாடு மோசம் என்று வந்தால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முகம் பார்க்க வேண்டாமா? உண்மையிலேயே மோசமான இடமாக இருந்தால் அதைப் பற்றி எழுதாமல் விட்டுவிடுவதே அவர் வழக்கம். விஷயம் தெரிந்த உள்ளூர் வாசகர், பத்தியில் எது வரவில்லை என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்வார். எழுதப்படாத ஒப்பந்தம் அது, ஊருக்குள் வேலை செய்தது.

ஆனால் ஆலிவ் கார்டனின் முதலாளி சர்ச்சுக்கு வரமாட்டார். அவர் ஆர்லாண்டோவில் இருக்கிறார். கடன் வாங்கிக் கடை போட்டவருக்குக் காட்டவேண்டிய அதே கருணையை 700 கிளைக் கம்பெனிக்கும் ஏன் காட்டவேண்டும்? ஒரு மோசமான விமர்சனம் அந்தக் கம்பெனியைச் சாய்க்காது, ஆனால் 10.95 டாலர் கொடுக்கும் வாசகருக்குப் பயன்பட்டிருக்கும். நிருபர் என்று சொல்லிக்கொள்பவர் கேட்டிருக்கக்கூடிய இன்னொரு கேள்வியும் உண்டு: இந்த வரிசை இங்கே நீளும்போது, ஊருக்குள் இருக்கும் சின்ன ஹோட்டல்களில் என்ன நடக்கிறது? அதைக் கேட்டிருந்தால் அந்தக் கட்டுரையின் எடையே வேறு. சம அளவு மரியாதை என்பது எல்லா நேரமும் நியாயம் ஆகிவிடாது, பலசாலிக்கும் பலவீனனுக்கும் ஒரே தராசைப் பிடித்தால் அது பலசாலி பக்கம்தான் சாயும்.

"ஆனா அந்தப் பரிமாறுற பொண்ணு உள்ளூர் பொண்ணாச்சே?" என்று என் மனைவி கேட்டாள், இதை வாசித்துக் காட்டியபோது. அதுவும் சரிதான். கம்பெனி ஃபுளோரிடாவில் இருந்தாலும் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தவள் அந்த ஊர்க்காரி, அநேகமாக ஹேகர்டிக்குத் தெரிந்த யாரோ ஒருவரின் பேத்தி. கட்டுரையில் உயிரோடு நடமாடும் ஒரே ஆள் அவள்தான். சிபாரிசு செய்கிறாள், சீஸோடு நிற்கிறாள், லெமனேட் குடிங்க என்கிறாள். இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பெண்ணைப் பாராட்டிவிட்டுப் பாஸ்தாவைத் திட்டியிருக்கலாமே என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

ஆண்டனி போர்டைன் இந்த விஷயத்தில் நடந்துகொண்ட விதம் கவனிக்கத்தக்கது. வாயைத் திறந்தால் வறுத்தெடுப்பவர் என்று பெயர் வாங்கிய சமையல்காரர், எழுத்தாளர். கிண்டல்காரர்களை ஹேகர்டி வென்றுவிட்டார், அந்தக் கிண்டல்காரர்களில் நானும் ஒருவன் என்று அப்போதே வெளிப்படையாக எழுதினார். அதோடு விடாமல் ஹேகர்டியின் பத்திகளிலிருந்து 128 விமர்சனங்களைத் தொகுத்து, தானே முன்னுரை எழுதி, 2013-இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். தலைப்பிலேயே அதை அமெரிக்கர்கள் வெளியில் சாப்பிட்ட வரலாறு என்று போட்டார். விற்பனைத் தந்திரம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உலகம் முழுக்கச் சுற்றிச் சாப்பிட்டவருக்கு ஒன்று தெரிந்திருக்கிறது: பாரிஸிலும் நியூயார்க்கிலும் 1990-இல் உயர்ந்த ஹோட்டல்களில் என்ன சாப்பிட்டார்கள் என்பதற்கு அலமாரி அலமாரியாகப் பதிவு உண்டு. ஒரு சமவெளி ஊரில் சாதாரண ஜனங்கள் செவ்வாய்க்கிழமை மதியம் எங்கே போய் என்ன சாப்பிட்டார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்பதற்கு இவரை விட்டால் ஆளில்லை.

இந்தப் புத்தகத்தை ஒரே மூச்சில் படிக்கவேண்டாம், சலித்துவிடும். கால் நூற்றாண்டுப் பத்திகள், ஒரே சுருதி. டாகோ பெல்லும் மெக்டொனால்ட்ஸும்கூட அதே மரியாதையோடு வருகின்றன. தினம் இரண்டு மூன்று என்று படித்தால் மெல்ல ஒரு ஊர் எழும்பி வரும். ஓரிடத்தில் காப்பி விலை மாறியிருக்கும். இன்னோரிடத்தில் சாலட் பார் முளைத்திருக்கும். போன வருஷம் பாராட்டிய கடையின் பெயர் அடுத்த வருஷம் வராது. ஜெர்மன், நார்வே வம்சாவளி ஊருக்கு எந்த வரிசையில் பீட்சா, டாகோ, பாஸ்தா எல்லாம் வந்து சேர்ந்தன என்று தெரியும்.

நம் பக்கத்தில் இப்படியொரு பதிவைத் தேடி நான் அலைந்திருக்கிறேன். 1985-இல் விருதுநகரிலோ கும்பகோணத்திலோ ஒரு மெஸ்ஸில் அளவுச் சாப்பாடு என்ன விலை, எத்தனை கூட்டு பொரியல், பரோட்டா எந்த வருஷம் மெனுவில் ஏறியது என்று ஒரு கேள்வி எழுந்தால், வயதானவர்களின் ஞாபகத்தைத்தான் நம்பவேண்டியிருக்கிறது. அவர்களும் ருசியைத்தான் சொல்கிறார்கள். "அந்த சாம்பார் மாதிரி வருமா!" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். விலையும் அளவும் யாருக்கும் நினைவில் தங்குவதில்லை. ஹேகர்டி எழுதியது தலைகீழ்: விலையும் அளவும் இருக்கின்றன, சாம்பாரைத்தான் காணோம்.

இணையம் கொந்தளித்த அந்த வாரம் நிருபர்கள் அவரைத் தேடி வந்தார்கள். நியூயார்க்குக்கு வரவழைத்தார்கள். மூன்று மிஷலின் நட்சத்திரம் பெற்ற லெ பெர்னார்டின் உணவகத்தில் சாப்பிட்டார். வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் வேலை பார்த்த அவருடைய மகன், இணையத்தில் இத்தனை பேர் உன்னைப் பற்றி எழுதுகிறார்களே பார்த்தாயா அம்மா என்ற மாதிரிக் கேட்டபோது, ஞாயிற்றுக்கிழமைப் பத்தி எழுதவேண்டியிருக்கிறது, மத்தியானம் சீட்டாட்டம் இருக்கிறது, அந்தக் குப்பையெல்லாம் படிக்க நேரமில்லை என்றாராம். அந்தக் குப்பை என்ற சொல்லை அவர் தயங்காமல் சொல்லியிருக்கிறார். ஆக, சுடுசொல் தெரியாதவர் இல்லை. பாஸ்தாவுக்கு அதை எடுத்து வைக்கவில்லை, அவ்வளவுதான்.